மேலண்டைக் காட்டுல ரிசார்ட் வருதா? அக்கா சொல்றதைக் கேளு

கண்ணு, உன் மிளகுக் காட்டுக்கு மேலண்டை ஜேசிபி சரிவை வெட்டுது, பஞ்சாயத்துல சொல்லியும் ஒண்ணும் நடக்கலைன்னு போன்ல புலம்பினியே. வாயால சொன்னதுக்கு எந்த ஆபீஸ்லயும் ஃபைல் கிடையாது. இனிமே எழுத்துலதான்.

முதல்ல, அனுமதி கொடுக்க வேண்டியது யாருன்னு தெரிஞ்சுக்கோ. சின்ன வீடுன்னா ஊராட்சி. ரிசார்ட் மாதிரி பெரிய வணிகக் கட்டிடம்னா நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதலும் வேணும். மலைக் கிராமத்துக்கு இன்னொரு படி இருக்கு: 1990-ல அரசு அமைச்ச மலையிடப் பாதுகாப்புக் குழுமம். ஆபீஸ்ல கேட்டா ‘ஹாக்கா’ன்னுவாங்க. உன் கிராமம் அந்தக் குழுமத்தோட பட்டியல்ல இருக்கான்னு கேட்டு வெச்சுக்கோ. ரிசார்ட்காரங்க வீட்டு வரி ரசீதையும் கரண்ட் கார்டையும் நீட்டி ‘எல்லாம் கிளியர்’னு சொல்லுவாங்க, மயங்காதே. அது ரெண்டும் கட்டிட அனுமதி ஆகாது.

அடுத்தது தகவல் உரிமை மனு. வெள்ளைத்தாள் போதும், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, செம்மேட்டுல இருக்கற கொல்லிமலை ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபால்ல அனுப்பு. ‘ஏன் அனுமதி கொடுத்தீங்க’ன்னு கேட்டா பதில் வராது; இருக்கற ஆவணத்தைத்தான் கேட்கணும். இப்படி எழுது: ‘இந்த சர்வே எண்ணில் நடக்கும் கட்டுமானத்துக்கு வழங்கிய அனுமதியின் எண், தேதி, அங்கீகரித்த வரைபட நகல் வேண்டும்.’ 30 நாள்ல பதில் வரலைன்னா மேல்முறையீடு போடு. ‘அப்படி எந்த ஆவணமும் இல்லை’ன்னு பதில் வந்தாலும் சந்தோஷப்படு, உன் கேஸுக்கு அதைவிட நல்ல பேப்பர் கிடையாது.

அந்த வரைபடம் ஏன் முக்கியம்னா, கொடைக்கானல்ல ஒரு ஹோட்டலுக்கு முதல்ல கிடைச்ச அனுமதி ரெண்டு மாடி, கட்டினது ஏழு. அப்புறம் விலக்கு கொடுத்து அரசாணையே வந்துச்சு. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் விடாம கோர்ட்டுக்குப் போக, 1995-ல உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து பண்ணிடுச்சு.

பஞ்சாயத்துத் தலைவரைப் பார்க்க அலையாதே. 2019-ல ஜெயிச்சவங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5-லயே முடிஞ்சுபோச்சு. தேர்தல் நடக்கற வரைக்கும் தனி அலுவலர்தான். கிராம சபையில பேசினா மட்டும் பத்தாது, நோட்டுல தீர்மானமா ஏறிடுச்சான்னு நின்னு பார்த்துட்டு வா.

திங்கட்கிழமை நாமக்கல் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போறே, மனு நம்பர் வாங்காம திரும்பாதே. 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் 56, 57-ஆம் பிரிவுகள்படி நடவடிக்கை கேட்டு எழுது. மண் வெட்டினது, ஓடைத் தண்ணி திரும்பினது எல்லாத்தையும் உன் எல்லைக்குள்ள நின்னு, ஒரே இடத்துலருந்து, தேதி தெரியற மாதிரி போட்டோ எடுத்து இணை.

முக்கியமா, வரப்புத் தகராறை இந்த மனுவுல கலக்காதே. ‘எங்க நிலத்துல ரெண்டடி உள்ளே வந்துட்டான்’னு ஒரு வரி எழுதினா போதும், ‘இது சிவில் பிரச்னை, கோர்ட்டுக்குப் போங்க’ன்னு மொத்த மனுவையும் மூடிடுவாங்க. அதுக்குத் தனியா சர்வேயர் அளவுக்குப் பணம் கட்டு.

அப்புறம், போன வருஷம் உன் வீட்டுக்காரர் ரோட்டோரமா இழுத்துக் கட்டின ரூமுக்கு அனுமதி இருக்கா? எதிர்மனு முதல்ல அதுமேலதான் வரும்.