வணிக ஓலையும் கணனி மொழியும்

கணனி விடுக்குங் கொள்வனவுக் கட்டளையை மற்றொரு கணனி பிழையறப் படித்தற்குப் பொது இலக்கணம் வேண்டும். 1979இல் அமெரிக்காவில் அமைந்த குழு எக்ஸ் 12 என்னும் நியமத்தை வகுத்தது; அதில் அக்கட்டளைக்கு 850 என்று பெயர். ஐக்கிய நாடுகளின் ஆதரவில் உருவாகி 1987இல் சர்வதேச நியமமான எடிபாக்ட் அதனை 'ஓடர்ஸ்' என்றது. இரண்டும் சூத்திரம்போற் சுருங்கியவை, உரையின்றி விளங்கா.

1998இல் வெளிவந்த எக்ஸ்.எம்.எல். முறையிலோ ஒவ்வொரு விபரமும் தன் பெயரைத் தானே தாங்கி வரும். ஆதலால் முன்னுடன்பாடு வேண்டாவென்பார் உளர். நாம் அதற்கு உடன்படோம். ஒருவர் 'திகதி' என்று மட்டும் பெயரிட்டால், அது சரக்கை ஏற்றும் நாளோ, சேரும் நாளோ? இவர் ஒன்றும் அவர் ஒன்றுமாகக் கொள்வரேல், கப்பல் வருமுன்பே கடை வெறுமையாகும். எடிபாக்டில் 2 என்னும் இலக்கம் கேட்ட சேர்ப்பு நாளையும், 10 கேட்ட ஏற்றுமதி நாளையும் ஐயமறக் காட்டும்.