ரீல் சொல்லும் கணக்கு

பெசன்ட் நகர்க் கடற்கரையில் வடக்கு நோக்கி நடந்தால், ஊரூர்க் குப்பத்தைக் கடந்து அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை அடையலாம். 1977-இல் உடைந்த பழைய பாலம் அங்கே இருக்கிறது. அந்தப் பாலத்தைப் பார்த்தபடி ஒரு மாலை நின்றிருந்தபோதுதான் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அவளுடைய அண்ணன் படகில் சென்று தூண்டிலில் வஞ்சிரம் பிடிக்கப் பழகி வருகிறான். அவனுக்கு ஒரு ரீல் வேண்டும். கடையில் இரண்டு வகை பார்த்திருக்கிறான். ஒன்றின் விலை மற்றதைப் போல் மூன்று மடங்கு. விலை உயர்ந்ததில், வெளியே சென்ற நரம்பின் நீளத்தைக் காட்டும் எண்மானி உண்டு. "மூணு மாசமா சேர்த்த பணம் சார். எதை வாங்கினா வீணாகாது?" என்றாள். இதற்கு விடை காண உங்கள் பௌதிகப் பாடமே போதும்.

படகின் பின்னே ஓடும் பொய் இரை

படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே, அதன் பின்னால் நீண்ட நரம்பில் பொய் இரையை இழுத்துச் செல்வது ஒரு பழைய மீன்பிடி முறை. இதை ட்ரோலிங் என்பார்கள். கடலடியை வாரும் இழுவலை முறையான ட்ராலிங் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாம் வஞ்சிரம் என்பதைத் தூத்துக்குடிப் பக்கம் சீலா என்பார்கள். அதை இம்முறையில் பிடிப்பது அங்கே நெடுநாள் வழக்கம். அமெரிக்க ஏரிகளில் கிராப்பி என்னும் சிறிய நன்னீர் மீனையும் இப்படியே பிடிக்கிறார்கள்.

சில பொய் இரைகளின் வாய்ப்பக்கம் சாய்வான ஒரு தகடு நாக்குப்போல் நீண்டிருக்கும். இழுக்கும்போது நீர் அத்தகட்டின்மேல் மோதி இரையைக் கீழே தள்ளுகிறது. நரம்பை அதிகம் விட்டால் இரை இன்னும் ஆழம் போகும். ஓர் அளவுக்குமேல் நரம்பின் மீதே நீரின் தடை மிகுந்துவிடுவதால் ஆழம் கூடாது. ஆகவே மீன் நிற்கும் ஆழத்தில் இரை ஓட வேண்டுமானால், நரம்பின் நீளம் தெரிந்தாக வேண்டும்.

எண்மானி எதை எண்ணுகிறது?

சாதாரண எண்மானி நீளத்தை நேரே அளப்பதில்லை. உருளை எத்தனை முறை சுற்றியது என்பதையே எண்ணுகிறது. நரம்பு நிறைந்த உருளையின் விட்டம் 5 செ.மீ. என்று கொள்வோம். சுற்றளவு சுமார் 15.7 செ.மீ. 200 சுற்றில் வெளியேறுவது ஏறத்தாழ 31 மீட்டர். உருளையில் நரம்பைக் குறைவாகச் சுற்றி, விட்டம் 4 செ.மீ. ஆனால், சுற்றளவு 12.6 செ.மீ.தான். அதே 200 சுற்றில் 25 மீட்டரே போகும். ஆனால் எண்மானியோ 31 என்றே காட்டும்! 6 மீட்டர் பிழை.

இதற்கு மலிவான மாற்று நம் மீனவர்களிடமே உண்டு. அவர்கள் கடலின் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம். சுமார் 6 அடி. ஐந்து பாகத்துக்கு ஒருமுறை நரம்பில் வண்ண நூலால் சிறு முடிச்சுப் போட்டுவிட்டால், உருளையின் விட்டம் என்னவானாலும் அளவு மாறாது.

வேகமா, வலுவா?

ரீலின் மேல் 5:1 என்று எழுதியிருந்தால், கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றும்போது உருளை ஐந்து சுற்றுச் சுற்றும் என்று பொருள். கைப்பிடியின் நீளம் 6 செ.மீ., கை தரும் விசை 2 கிலோ எடை, உருளையின் விட்டம் 4 செ.மீ. எனக் கொண்டு கணக்கிடுவோம். உராய்வை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

5:1 ரீலில் ஒரு சுற்றுக்கு 63 செ.மீ. நரம்பு ஏறும், ஆனால் இழுக்கும் விசை 1.2 கிலோ எடைதான். 3:1 ரீலில் 38 செ.மீ. மட்டுமே ஏறும், இழுவிசையோ 2 கிலோ எடை. விசையையும் தூரத்தையும் பெருக்கிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே விடை வரும். வேகத்தில் பெற்றதை வலுவில் இழக்கிறோம். பொய் இரை ஓயாமல் நீரை எதிர்த்து இழுப்பதால், ட்ரோலிங்குக்கு வேகம் குறைந்த ரீலே கைக்கு இதம். அதிக எண் போட்டது உயர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

உயிரான உறுப்பு

பெரிய மீன் பாய்ந்து ஓடும்போது உருளை இறுகி நின்றால் நரம்பு அறுந்துவிடும். எனவே ரீலுக்குள் வட்டத் தகடுகளை அடுக்கி, திருகால் அழுத்தி வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட விசைக்குமேல் இழுத்தால் தகடுகள் வழுக்கி, நரம்பு வெளியே ஓடும். இதுவே உராய்வுத் தடை.

இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. முதலாவது, நரம்பு ஓட ஓட உருளையின் ஆரம் குறைகிறது. ஆரம் பாதியானால், அதே தடையை வெல்ல இரு மடங்கு இழுவிசை வேண்டும். 2 கிலோவுக்கு வைத்த தடை 4 கிலோ ஆகிவிடும்! ஆகவே 6 கிலோ தாங்கும் நரம்புக்குத் தடையை 2 கிலோவுக்குமேல் வைக்கக் கூடாது.

இரண்டாவது, ஓய்விலுள்ள பொருளை நகர்த்தத் தேவையான விசை, நகர்ந்தபின் தேவைப்படுவதைவிட அதிகம். தரமற்ற தடை முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு வெடுக்கென்று விடும். அந்த ஒரு நொடியில்தான் நரம்பு அறும்.

செய்து பாருங்கள்

ரீலின் நரம்பு நுனியை வகுப்பிலுள்ள சுருள்வில் தராசின் கொக்கியில் கட்டுங்கள். ஒருவர் ரீலைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் தராசை மெல்ல இழுக்கட்டும். முள் 2 கிலோவில் ஏறத்தாழ அசையாமல் நின்றால் தடை நல்லது. 3-க்குத் தாவி 2-க்கு விழுந்து, மீண்டும் தாவினால் அந்த ரீல் வேண்டாம்.

அண்ணனும் தங்கையும் தராசோடு கடைக்குப் போனார்கள். விலை குறைந்த வகையில் ஒரே மாதிரியான இரண்டு ரீல்களை இழுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் முள் துள்ளியது; மற்றதில் நின்றது. நின்றதை வாங்கினார்கள். மிஞ்சிய பணத்தில் நல்ல நரம்பும் வண்ண நூலும் கிடைத்தன. எண்மானிக்கு மாற்று உண்டு. நல்ல தடைக்கு மாற்று இல்லை. கடலிலிருந்து வந்ததும் தடைத் திருகைத் தளர்த்தி, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி உலர்த்தினால் ரீல் நெடுநாள் உழைக்கும்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இதே பெசன்ட் நகர்க் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இரவுகளில் நடந்து அந்த முட்டைகளைக் காத்து வருகிறார்கள். அறுந்த நரம்பு எளிதில் மக்காது. ஆமையின் கழுத்தையும் துடுப்பையும் சுற்றிக்கொள்ளும். நரம்பு அறாமல் காப்பது மீனுக்காக மட்டுமன்று. கரையில் கிடக்கும் துண்டு நரம்பைக் கண்டால், நீங்களும் எடுத்துச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடுவீர்கள் அல்லவா?