வயல் மனையாகும்போது வாய்க்காலைக் காப்பது எப்படி?

ஊர் வளர வீடும் வேண்டும், சாலையும் வேண்டும். ஆனால் மேல்மடை வயல் மனையாகி, ஊடே சென்ற வாய்க்கால் தூர்ந்துபோனால், கடைமடையில் ஒரு ஏக்கர் வைத்திருப்பவரின் பயிர் கோடையில் காயும். அடைமழையில் அதே பயிர் மூழ்கும். இதைத் தடுப்பதில் ஊராட்சிக்கும் கிராம சபைக்கும் பெரும் பங்கு உண்டு.

நீர்க் கணக்கு

ஒரு ஏக்கரில் 5 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் சுமார் 2 லட்சம் லிட்டர். வரப்புக் கட்டிய வயல் இதில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். கூரையும் சிமெண்ட் சாலையும் நீரை அப்படியே கீழே தள்ளிவிடும். ஆகவே மனை பெருகும் ஊரில் வடிகால் முன்னைவிட அகலமாக இருக்க வேண்டும். பல ஊர்களில் நடப்பதோ இதற்கு நேர்மாறு.

சட்டம் சொல்வது

அங்கீகாரம் இல்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 2017-இல் வந்த விதிகள், 20-10-2016 வரை பதிவான மனைகளை வரன்முறை செய்ய வழிவிட்டன. நீர்நிலை, வாய்க்காலில் அமைந்த மனைகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. மனைப்பிரிவு வரும் செய்தி தெரிந்ததும், கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் பார்க்க வேண்டும். புறம்போக்கு எனப் பதிவான வாய்க்காலை எவரும் மனையில் சேர்க்க முடியாது. பட்டா நிலத்துக்குள் ஓடும் வாய்க்கால் பெரும்பாலும் தனியே பதிவாகியிராது. அத்தகைய வாய்க்காலைப் பற்றி ஊராட்சிக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்து மூலம் முன்கூட்டியே தெரிவிப்பது அவசியம்.

2. தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர்களே. 'வாய்க்காலைக் காக்க வேண்டும்' என்று பொதுவாகத் தீர்மானம் எழுதினால் பயன் குறைவு. புல எண், நீளம், அகலம், பாசனம் பெறும் ஏக்கர் ஆகியவற்றைக் குறித்து எழுதி, நகல் பெற வேண்டும்.

3. 10,000 சதுர மீட்டருக்கு (சுமார் 2½ ஏக்கர்) மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான நிலத்தில் நூற்றுக்கு 10 பங்கைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். 5 ஏக்கரில் சாலைக்கு 1 ஏக்கர் போனால், திறந்தவெளி 40 செண்ட். பத்திரம் பதிவானதா என்று கிராம சபையில் கேட்கலாம்.

4. கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். அது முறையாக இருந்தால் கீழ் வயலுக்கு வரும் வெள்ளமும் குறையும். கிணற்றிலும் நீர் ஊறும்.

ஆக்கிரமிப்பு ஏற்கெனவே நடந்திருந்தாலும் மனு கொடுக்கலாம். கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றுமாறு 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டுள்ளது. ஆனால் வீடு எழும்பிய பின் வாய்க்காலை மீட்பது ஆண்டுக்கணக்கில் வழக்காக நீளக்கூடும். மனைக்கல் ஊன்றுமுன் கொடுக்கும் ஒரு மனு, பின்னால் கொடுக்கும் பத்து மனுவுக்குச் சமம்.