பழைய லொறி உதறி ஓடினால்

விதைநெல்லும் வீட்டுச் சாமான்களும் ஏற்றிய லொறி பாதிவழியில் நின்றால் என்ன பாடு என்று நமக்குத் தெரியும். பழைய பெற்றோல் லொறி உதறி ஓடத் தொடங்கியதும் நாம் காபுரேற்றரைத் திருகப் போகிறோம். பொறுங்கள். காபுரேற்றர் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவாக ஊட்டுவது. ஒன்று மட்டும் வேலை செய்யாவிட்டால் பழுது பெரும்பாலும் வேறிடத்தில்.

எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக் வயரைக் கழற்றி, நுனியை எஞ்சின் இரும்பில் முட்டவைத்து, மீண்டும் இயக்குவோம். இப்படி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எதைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் சோம்பேறி. அதன் பிளக்கை அடுத்ததோடு மாற்றிப் பூட்டுவோம். பழுது பிளக்கோடு போனால் பிளக். அங்கேயே நின்றால் வயரையும் வால்வையும் பார்க்கவேண்டும்.

எல்லாப் பிளக்கும் உலர்ந்த கரியாக இருந்தால் எரிபொருள் கூடுதல். சோக் மூடியபடி இருக்கிறதா என்று பாருங்கள். 1990களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களின் பிளக்குகள் இப்படித்தான் கரிபிடித்தன. எல்லாம் வெள்ளையாக இருந்தால் காற்றுக் கூடுதல், அல்லது ஜெற் அடைப்பு. எஞ்சின் ஆறியபின் ஜெற்றைக் கழற்றி சைக்கிள் பம்பால் ஊதுங்கள். கம்பியால் குத்தவேண்டாம், துளை பெருத்தால் லொறி பெற்றோல் குடிக்கும்.