எறும்புகளின் குடிவாழ்வு

உயிர்களுள் கூடி வாழ்வன பல. யானை கூட்டமாகத் திரிகின்றது. காக்கை தன் இனத்தை அழைத்து உண்கின்றது. ஆயினும், ஒரு குடிக்குள் ஒரு சில மட்டுமே மகவு ஈன, ஏனையவை அம்மகவுகளை வளர்ப்பதிலேயே தம் வாழ்நாளைக் கழிக்கும் வழக்கம் மிகச் சில உயிர்களிடமே காணப்படுகின்றது. அவற்றுள் தலைசிறந்தது எறும்பு. இவ்வரிய வழக்கம் அதனிடம் எவ்வாறு தோன்றியது என்பது, அறிவியல் அறிஞர் நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்துவரும் செய்தியாகும்.

முசுறு கட்டும் வீடு

சாமல்பட்டி, ஊத்தங்கரை முதலிய ஊர்களைக் கொண்ட கிருஷ்ணகிரி மாவட்டம் மாவிளைச்சலுக்குப் பெயர் பெற்றது. மாமரம் ஏறிக் காய் பறிப்போர் முசுறு என்னும் செவ்வெறும்பை நன்கு அறிவர். அதன் கூட்டைத் தீண்டியவர் அதன் கடியை எளிதில் மறவார்.

முசுறு மண்ணில் வளை தோண்டுவதில்லை. பச்சை இலைகளை இணைத்து மரத்திலேயே வீடு கட்டுகின்றது. இரண்டு இலைகளுக்கு இடையே உள்ள வெளி பெரிதாயின், ஓர் எறும்பின் இடையை மற்றோர் எறும்பு பற்ற, அதனை இன்னொன்று பற்ற, எறும்புகளாலேயே ஒரு சங்கிலி அமைகின்றது. அவை ஒருங்கே இழுக்க இலைகள் நெருங்குகின்றன. அப்பொழுது வேறு சில எறும்புகள் தம் குடியின் இளம் புழுக்களை வாயிற் கவ்விக்கொண்டு வந்து, இலையின் விளிம்புகளில் மாறிமாறித் தொடச் செய்கின்றன. புழுவின் வாயிலிருந்து வரும் பட்டிழை இரண்டு இலைகளையும் தைத்துவிடுகின்றது.

பிற எறும்பினங்கள் பலவற்றில் புழு தன் பட்டிழையால் தனக்கே ஒரு கூடு பின்னி, அதனுள் உறங்கி உருமாறும். முசுறின் புழுவோ தன் இழையைக் குடியின் வீட்டுக்கு அளித்துவிட்டுக் கூடின்றியே உருமாறுகின்றது. வளர்ந்த வேலையெறும்புகளின் தொண்டு இதனினும் பெரிது. இரை தேடுதலும், புழுக்களைப் பேணுதலும், பகைவரோடு பொருதலும் அவற்றின் கடமைகளே. வயது முதிர்ந்தவையே எல்லைக் காவலில் நின்று முதலில் உயிர் விடுகின்றன. இவ்வேலையெறும்புகள் யாவும் பெண்கள். எனினும் அவற்றுள் ஒன்றேனும் ஆணுடன் கூடித் தனக்கென ஒரு மகளைப் பெறுவதில்லை.

டார்வினின் ஐயம்

1859-ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். வாழ்வுக்குத் துணைசெய்யும் பண்பினை உடைய உயிர் மிகுதியான வழித்தோன்றல்களை விட்டுச் செல்லும். அவற்றின் வாயிலாக அப்பண்பு பரவும் என்பது அவர் கொள்கை. இதனை இயற்கைத் தேர்வு என்பர். இக்கொள்கைக்கு வேலையெறும்பு பெருந்தடையாக நின்றது. மகவின்மை என்னும் பண்பு, மகவே இல்லாத ஓர் உயிரிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு செல்லும்? இத்தடை தம் கொள்கையையே வீழ்த்திவிடும் என முதலில் தோன்றியதாக டார்வினே எழுதியுள்ளார்.

பின்னர் அவரே ஒரு விடையும் கண்டார். சுவை மிக்க காய் சமைக்கப்பட்டு அழிகின்றது. அதிலிருந்து செடி முளைப்பதில்லை. ஆயினும் உழவர் அதே வகையின் விதையை மீண்டும் விதைத்து அதே சுவையைப் பெறுகின்றார். அதுபோல, வேலையெறும்பின் பண்பு அதன் தாயினிடத்தும் உடன்பிறந்தாரிடத்தும் மறைந்து நின்று, அவர்கள் வழியே தொடரும். தேர்வு தனியுயிர்மீது மட்டுமன்றிக் குடும்பத்தின்மீதும் நிகழும் என்பது டார்வின் கண்ட முடிபு.

உறவின் கணக்கு

இவ்விடைக்குக் கணக்கு முறையில் வடிவம் தந்தவர் வில்லியம் ஹாமில்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர். உடற்பண்புகளைத் தலைமுறைதோறும் எடுத்துச் செல்லும் மரபணுக்கள் உறவினரிடையே பொதுவாக இருப்பன. ஆகவே, ஒருவர் உறவினரை வாழச் செய்தால், தம் மரபணுக்களில் ஒரு பகுதியையே வாழச் செய்தவர் ஆகின்றார். உதவியால் உறவினர் அடையும் பயனை உறவின் நெருக்கத்தால் பெருக்கிவரும் தொகை, உதவுவோர் அடையும் இழப்பினும் மிகுதியாயின் அவ்வுதவும் பண்பு பரவும். 1964-இல் ஹாமில்டன் வெளியிட்ட கருத்து இதுவே.

எறும்பு, தேனீ, குளவி ஆகியவற்றில் ஒரு புதுமை உண்டு. கருவுற்ற முட்டை பெண்ணாகும்; கருவுறாத முட்டை ஆணாகும். தந்தையிடம் ஒரு தொகுதி மரபணுக்களே உள்ளமையால், அவன் அவற்றை முழுமையாகத் தன் மகளிர் அனைவருக்கும் அளிக்கின்றான். இதனால் ஒரு தாய்க்கும் ஒரு தந்தைக்கும் பிறந்த சகோதரியர் நான்கில் மூன்று பங்கு ஒத்திருப்பர். தாயும் மகளுமோ இரண்டில் ஒரு பங்கே ஒத்திருப்பர். அங்ஙனமாயின், மகளைப் பெறுவதினும் தங்கையை வளர்ப்பது எறும்புக்கு ஊதியம் மிக்கதன்றோ?

இவ்விளக்கம் அழகியது, ஆனால் இது மட்டும் போதாது. வேலையெறும்பு தங்கையரை மட்டும் வளர்ப்பதில்லை, தம்பியரையும் வளர்க்கின்றது. தம்பியருடன் அதற்குள்ள ஒப்புமை நான்கில் ஒரு பங்கே. இரண்டையும் சேர்த்து நோக்கின் ஊதியம் சமனாகிவிடுகின்றது. தாய் பல ஆண்களுடன் கூடினால் சகோதரியரின் நெருக்கமும் குறையும். மேலும், கறையானிடம் இப்புதுமை இல்லை. எனினும் அதுவும் வேலையாட்களைக் கொண்ட பெருங்குடியாகவே வாழ்கின்றது. ஆகவே அறிஞர் வேறு காரணங்களையும் தேடினர்.

குளவி தந்த விளக்கம்

எறும்பின் முன்னோர் குளவி இனத்தவர். பண்டைய மரப்பிசின் இறுகிக் கல்லானதனுள் சிக்கியிருந்த ஓர் எறும்பை 1967-இல் வில்சன் முதலிய அறிஞர் விளக்கி எழுதினர். அமெரிக்காவின் நியூஜெர்சியில் கிடைத்த அவ்வெறும்பு ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகட்கு முற்பட்டது. அதன் தாடை குளவியின் தாடையை ஒத்தது. இடையோ எறும்பின் இடையை ஒத்தது. சிறகற்ற அது ஒரு வேலையெறும்பு. எனவே குடிவாழ்வு அக்காலத்திற்கும் முன்னரே தோன்றியிருத்தல் வேண்டும். அதன் தொடக்கத்தை எறும்பிடம் இன்று காண்டல் அரிது. தனி வாழ்வுக்கும் குடிவாழ்வுக்கும் இடைப்பட்ட நிலையில் இன்றும் உள்ள குளவிகளிடம் அதனை ஆராயலாம்.

அத்தகைய ஆராய்ச்சி, ஓசூரை அடுத்து மாநில எல்லைக்கு அப்பால் உள்ள பெங்களூரில் நிகழ்ந்தது. அங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் இராகவேந்திர கதக்கர் பல ஆண்டுகளாக ஒரு குளவியினத்தை ஆராய்ந்தார். மரநாரை மென்று தாள்போன்ற கூடு கட்டும் அவ்வினத்தின் பெயர் ரோபலிடியா மார்ஜினேட்டா. இதில் பெண்குளவி தனித்துக் கூடு தொடங்கலாம். பிற குளவிகளுடன் சேர்ந்தும் வாழலாம். சேர்ந்து வாழுமிடத்து ஒன்றே முட்டையிடும். அதனை அகற்றிவிட்டால், பணிந்து உழைத்த ஒரு குளவி உடனே சீற்றங்கொண்டு ஏனையவற்றை அடக்கி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தானே முட்டையிடத் தொடங்குகின்றது.

தனித்து வாழ இயலும் குளவி ஏன் பிறருக்கு உழைக்கின்றது? கதக்கர் ஒரு காரணத்தை எடுத்துக்காட்டினார். புழு வளர்ந்து சிறகு பெறப் பல வாரங்கள் ஆகும். தனித்த தாய் அதற்குள் இறந்துபட்டால் அதன் புழுக்கள் அனைத்தும் மடியும்; அதுவரை உழைத்த உழைப்பும் வீணாகும். கூட்டில் உழைக்கும் குளவி இடையில் இறந்தாலும், அது பாதி வளர்த்த புழுவை மற்றொன்று ஏற்று வளர்க்கும். அதன் உழைப்பு பாழாவதில்லை. உறவின் நெருக்கத்தோடு இவ்வுறுதிப்பாடும் சேர்ந்தே கூடி வாழ்தலுக்கு வழி வகுத்தது.

தாவும் எறும்பு

எறும்புகள் அனைத்தும் குடிவாழ்வில் ஒரே நிலையை எய்தினவல்ல. தென்னிந்தியாவில் வாழும் தாவும் எறும்பு இதற்குச் சான்று. சென்னை மாகாணத்தில் மருத்துவராயிருந்த ஜெர்டன் 1851-இல் இதனை முதன்முதல் விளக்கி எழுதினார். நீண்ட தாடையும் பெரிய கண்களும் உடைய இது, தாவிப் பாய்ந்து இரையைப் பற்றும்.

இதன் தாயெறும்பு இறந்தால் வேலையெறும்புகளிடையே போட்டி எழுகின்றது. அவை உணர்கொம்புகளால் ஒன்றையொன்று அடித்துச் சில வாரங்கள் பொருகின்றன. வென்ற சில எறும்புகள் முட்டையிடும் உரிமை பெறுகின்றன. அவற்றின் மூளை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்குகின்றது, சூலகம் பெருக்கின்றது. ஏழு திங்கள் அளவே வாழக்கூடிய வேலையெறும்பு, இந்நிலையை அடைந்தபின் நான்கு ஆண்டுகள்வரை வாழ வல்லதாகின்றது. அதனை மீண்டும் வேலைக்குத் திரும்பச் செய்தால், சுருங்கிய மூளை மறுபடியும் வளர்கின்றது என்பதை 2021-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. முசுறின் வேலையெறும்போ இத்தகைய மாற்றத்தைப் பெறும் ஆற்றலை முற்றும் இழந்துவிட்டது. அதன் குடி பல மரங்களில் பரவி, இலட்சக்கணக்கான எறும்புகளைக் கொண்டதாய் வளர்ந்துள்ளது.

எறும்பு கற்பிப்பது

தாயெறும்பை அரசி என்பது மாந்தர் இட்ட பெயர். அது ஆணையிடுவதில்லை, முட்டையிடுவதே அதன் தொழில். குடியின் பணிகள் ஒவ்வோர் எறும்பும் தன் அருகில் உள்ள மணத்தையும் தேவையையும் உணர்ந்து செய்வதனால் நடைபெறுகின்றன.

பிறப்பிலேயே தொழில் வகுக்கப்பட்டது என்பதற்கு எறும்பைச் சான்று காட்டுவோர் உளர். அச்சான்று பொருந்தாது. பெரும்பாலான எறும்பினங்களில் அரசியாகும் முட்டையும் வேலையெறும்பாகும் முட்டையும் ஒரே தன்மையன. புழுப்பருவத்தில் பெறும் உணவும் பேணுதலுமே அவற்றை வேறுபடுத்துகின்றன. தாவும் எறும்போ வளர்ந்த பின்னரும் தன் நிலை மாறுகின்றது. சின்னஞ்சிறு எறும்பின் வாழ்விலேயே ஊட்டத்துக்கும் வாய்ப்புக்கும் இத்துணை ஆற்றல் உண்டெனின், கற்கவும் ஆராயவும் தேரவும் வல்ல மாந்தர் வாழ்வில் அவற்றின் ஆற்றல் எத்துணைப் பெரிதாம்!