பழைய கம்ப்யூட்டர் பெரிய போட்டோவைத் தாங்குமா?



சாலவாக்கம் போன்ற ஊரில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். பில் போடவும் பற்று வரவு எழுதவும் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடைக்காரரின் மகன் 50 மெகாபிக்சல் கேமரா உள்ள செல்போன் வாங்குகிறார். கொள்முதல் பில்களைப் படம் எடுத்து வைக்கலாம், புதிய சரக்கைப் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பலாம், பண்டிகைக்கு விலைப்பட்டியல் அச்சடிக்கலாம் என்பது அவர் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் முதல் நாள் நாற்பது படங்களை ஏற்றி, வரிசையாக ஐந்தாறைத் திறந்ததுமே திரை அசையாமல் நின்றுவிடுகிறது. எதிரே சாமான் கட்டி வைத்துக்கொண்டு பில்லுக்காக ஆட்கள் நிற்கிறார்கள்.

"இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்று சொல்ல ஆள் கிடைப்பது சுலபம். புதிது வாங்கும் பணம் நம் கடை முதலிலிருந்துதான் போகவேண்டும். பருப்பிலும் எண்ணெயிலும் புரள வேண்டிய பணத்தை மேசைமேல் முடக்குவதற்கு முன், உண்மையில் அந்தப் பழைய இயந்திரத்தால் முடியாதா என்று கணக்குப் பார்ப்பது வியாபாரியின் கடமை. அந்தக் கணக்கையே இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மெகாபிக்சல் என்றால் என்ன?

டிஜிட்டல் படம் என்பது வண்ணப் புள்ளிகளின் கூட்டம். பத்து லட்சம் புள்ளிகள் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். 1975இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா எடுத்த படத்தில் இருந்தவை வெறும் 10,000 புள்ளிகள். அதைக் கேசட் நாடாவில் பதிய 23 வினாடி ஆயிற்று. 1991இல் அதே நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கேமராவில் 13 லட்சம் புள்ளிகள். படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியாகத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று சட்டைப்பையில் இருக்கும் போன் 5 கோடி புள்ளிகளில் படம் எடுக்கிறது. போன் வளர்ந்துவிட்டது, கல்லா ஓரத்துக் கம்ப்யூட்டர் வளரவில்லை. சங்கடத்துக்குக் காரணம் இவ்வளவே.

குடோனும் எடை மேசையும்

கம்ப்யூட்டருக்குள் நடப்பதைக் கடையை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஹார்டு டிஸ்க் என்பது குடோன். ரேம் எனப்படும் நினைவகம் என்பது எடை போடும் மேசை. பிராசசர் என்பது மேசையில் வேலை செய்யும் ஆள். குடோன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மேசை சிறியதாக இருந்தால் மூட்டையைப் பிரிக்க இடம் இருக்காது.

போட்டோ கட்டுக் கட்டி வரும் சரக்கு. 'ஜேபெக்' என்ற முறையில் சுருக்கப்பட்டு, 4 எம்பி என்று சாதுவாகக் குடோனில் கிடக்கும். திறந்தால்தான் சுயரூபம் தெரியும். கையளவு நெல் பொரியானதும் முறம் நிறைந்துவிடுவது போல, ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட் இடம் கேட்கும். 4,000 புள்ளி அகலம், 3,000 புள்ளி உயரம் உள்ள 12 மெகாபிக்சல் படம் திறந்தவுடன் 36 எம்பி ஆகிவிடும். 50 மெகாபிக்சல் படம் 150 எம்பி. சில போன்களில் உள்ள 200 மெகாபிக்சல் படம் 600 எம்பி. அதில் வெட்டவோ திருத்தவோ ஆரம்பித்தால், பழையதற்குத் திரும்பும் வசதிக்காக மென்பொருள் கூடுதலாகப் பிரதிகள் வைத்துக்கொள்ளும். 150 என்பது 300, 450 என்று ஏறும்.

பழைய இயந்திரத்தில் மேசை எவ்வளவு? தமிழக அரசு 2011 செப்டம்பர் 15ஆம் தேதி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்த மடிக்கணினி இன்றும் பல வீடுகளில் உண்டு. தொடக்கத்தில் கொடுத்தவற்றில் 2 ஜிபி ரேமும் 320 ஜிபி ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. 2 ஜிபியில் பாதியை, சில சமயம் அதற்கு மேலும், விண்டோஸே எடுத்துக்கொள்ளும். பில் மென்பொருளும் இன்டர்நெட்டும் திறந்திருந்தால் மிச்சம் சொற்பம். மேசை நிறைந்ததும் கம்ப்யூட்டர் சரக்கைக் குடோனுக்கும் மேசைக்குமாக மாற்றி மாற்றித் தூக்க ஆரம்பிக்கும். திரை நின்றுபோனதாக நாம் நினைப்பது அந்த நேரத்தைத்தான்.

நமக்கு எத்தனை புள்ளி வேண்டும்?

கால் கிலோ சீரகம் கேட்பவருக்கு மூட்டையைப் பிரித்துக் கொடுப்பதில்லை. படத்துக்கும் அதே நியாயம்தான்.

பழைய மடிக்கணினித் திரை பெரும்பாலும் 1,366க்கு 768, அதாவது சுமார் பத்தரை லட்சம் புள்ளி. 50 மெகாபிக்சல் படத்தை அதில் முழுதாகப் பார்த்தால் 48 புள்ளிக்கு ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அதுவே படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. நான்குக்கு ஆறு அங்குலப் படம் நேர்த்தியாக அச்சாக சுமார் 22 லட்சம் புள்ளி போதும். ஏ4 தாள் முழுக்க, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடிக்க 87 லட்சம் புள்ளி வேண்டும்; 12 மெகாபிக்சல் படமே அதற்குத் தாராளம். ஒரு ஏ4 பில்லில் சிறிய எழுத்தும் தெளிவாகத் தெரிய அங்குலத்துக்கு 200 புள்ளி, மொத்தம் சுமார் 40 லட்சம் புள்ளி போதும்.

ஆக, மளிகைக் கடையின் எந்த வேலைக்கும் 12 மெகாபிக்சலுக்கு மேல் தேவை இல்லை. அந்த அளவுப் படத்தை 2 ஜிபி இயந்திரமும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிவிடும். 50 மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்யப்படும் போன்களும் வழக்கமான அமைப்பில் நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகவே கொடுக்கின்றன. நாமாகப் போய் '50' என்பதை அழுத்தினால்தான் முழு அளவு வரும். அதை அழுத்தாமல் இருந்தாலே பாதித் தொல்லை தீரும்.

பில் படங்களின் குடோன் கணக்கு

பில்லைப் படம் எடுப்பது பொழுதுபோக்கு அல்ல. வெப்பத்தால் அச்சாகும் மெல்லிய தாள் பில்கள் வெயிலிலும் சூட்டிலும் சில மாதங்களிலேயே வெளிறிவிடுகின்றன. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற வியாபாரி கணக்குகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டுக்கான வருடாந்திரப் படிவத்தின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். அந்தக் கடைசி நாள் சாதாரணமாக நிதியாண்டு முடிந்தபின் வரும் டிசம்பர் 31. எனவே ஒரு பில் ஏறக்குறைய ஏழு ஆண்டு, சில பில்கள் அதற்கு மேலும் நம்மிடம் இருக்கவேண்டும். வரி கட்டிய சரக்குக்கு ஆதாரம் வெள்ளைத் தாளாக நின்றால் நஷ்டம் நமக்குத்தான்.

நாளைக்கு 10 பில், ஆண்டுக்கு 300 நாள் என்று கொள்வோம். 50 மெகாபிக்சலில் ஒரு படம் 15 எம்பி என்றால் ஆண்டுக்கு 45 ஜிபி, ஏழு ஆண்டுக்கு 315 ஜிபி. அரசு மடிக்கணினியின் 320 ஜிபி குடோன் அதிலேயே நிரம்பிவிடும். 12 மெகாபிக்சலில் ஒரு படம் 4 எம்பி என்றால் ஏழு ஆண்டுக்கு 84 ஜிபி. 40 லட்சம் புள்ளியாகக் குறைத்து ஒரு எம்பி ஆக்கினால் ஏழு ஆண்டுக்கு 21 ஜிபிதான். ஒரே பில், ஒரே எழுத்து. இடம் மட்டும் பதினைந்தில் ஒரு பங்கு. படம் எடுத்துவிட்டோம் என்று அசல் பில்லைக் கிழித்துவிடக் கூடாது. அசல் கோப்பில் இருக்கட்டும். படம் துணைக்கு இருக்கட்டும்.

கனமான வேலையைப் போனிடம் கொடுங்கள்

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இன்றைய போனில் 6 அல்லது 8 ஜிபி ரேம் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரின் மேசையைவிட அது மூன்று, நான்கு மடங்கு பெரியது. ஆகவே வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது, அளவு குறைப்பது எல்லாவற்றையும் போனிலேயே முடித்துவிட்டு, முடிந்த படத்தை மட்டும் கம்ப்யூட்டருக்கு மாற்றவேண்டும். சேமிப்பதும் அச்சடிப்பதும் மட்டுமே கம்ப்யூட்டரின் வேலை.

மாற்றும்போது யுஎஸ்பி ஒயர் நல்லது. ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2017 முதல் அது 'ஹெய்க்' என்ற வேறு வகையில் படத்தைச் சேமிக்கிறது, பழைய விண்டோஸில் அது திறக்காது. கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தால் பழைய ஜேபெக் முறையிலேயே கிடைக்கும்.

செலவு செய்வதானால் எதற்கு?

முதலில் சோதனை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். பில் மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். நினைவகம் நிறைந்துவிட்டால் குறை ரேமில். நினைவகத்தில் இடம் இருந்தும் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் குறை ஹார்டு டிஸ்க்கில்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்தலாம். அதில் சுழலும் தட்டு இல்லை. தேடி எடுக்கும் நேரம் மிகக் குறைவு. பழைய மடிக்கணினிகள் பலவற்றிலும் இரண்டரை அங்குல எஸ்எஸ்டி அப்படியே பொருந்தும். ரேம் கூட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்க்கவேண்டும்: 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது, விண்டோஸ் 7 'ஸ்டார்ட்டர்' 2 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. தெரியாமல் ரேம் வாங்கினால் பூட்டிய குடோனுக்கு வாடகை கொடுத்த கதைதான். இரண்டு கடையில் விலை விசாரித்து, புதிய கம்ப்யூட்டரின் விலையில் கால் பங்குக்கு மேல் ஆகுமானால் பழையதில் பணம் போடவேண்டாம் என்பது எமது யோசனை.

எங்கே முடியாது?

பழையதால் எல்லாம் முடியும் என்று சொல்வது நேர்மையாகாது. 200 மெகாபிக்சல் படங்களைத் திருத்துவது, பெரிய கேமராவின் 'ரா' வகைப் படங்களைக் கையாளுவது, வீடியோ வெட்டி ஒட்டுவது ஆகியவை 2 ஜிபி இயந்திரத்துக்கு ஆகாத வேலை. கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரருக்குப் புதிய இயந்திரம் அவசியத் தொழில் கருவி. நமக்கு அப்படி இல்லை.

இன்னொன்று பாதுகாப்பு. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாப்ட் தந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14உடன் நின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. அப்படிப்பட்ட இயந்திரத்தில் போட்டோ வைக்கலாம், அச்சடிக்கலாம். வங்கிக் கணக்கைத் திறப்பது கூடாது. புதிது வாங்க நியாயமான காரணம் அதுவே தவிர, மெகாபிக்சல் அல்ல.

கடைசியாக, மிக முக்கியமானது

யார் யார் எவ்வளவு பாக்கி என்ற விவரம் எந்த டிஸ்க்கில் இருக்கிறதோ, அதே டிஸ்க்கில் போட்டோக்களைக் குவித்து வழிய விடாதீர்கள். டிஸ்க் நிறைந்தால் பில் மென்பொருள் அன்றைய கணக்கைப் பதிய முடியாமல் தவிக்கும். பத்து ஆண்டு ஓடிய ஹார்டு டிஸ்க் எந்த நாளும் கண் மூடலாம். படம் போனால் மறுபடி எடுக்கலாம். பாக்கிக் கணக்கு போனால் யாரைப் போய்க் கேட்பது? ஆகவே எந்தச் செலவுக்கும் முன்னால் வெளியில் மாட்டும் டிஸ்க் ஒன்று வாங்கி, வாரம் ஒரு நாள் கடை அடைக்கும்முன் கணக்கையும் படங்களையும் அதில் நகல் எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் வையுங்கள். கடையும் நகலும் ஒரே கூரைக்கு அடியில் இருக்கவேண்டாம்.

நமது உத்திரமேரூர் கோயில் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவரை ஊர் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று பத்தாம் நூற்றாண்டிலேயே விதி செய்திருக்கிறது. அவர்கள் கல்லில் வெட்டி வைத்தார்கள். நம்மிடம் உள்ளது பழைய கம்ப்யூட்டர்தான். அளவறிந்து சுமை ஏற்றினால் அதுவும் நம் கணக்கைக் காக்கும்.