அளவறிந்து அளித்தல்

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், பனியன் தொழிலால் உலகெங்கும் பெயர் பெற்ற நகரமாகும். இங்குத் தைக்கப்படும் பனியன்கள் 80, 85, 90, 95 எனப் பல அளவுகளில் வெளிவருகின்றன. அனைவர்க்கும் 85 அளவே போதும் என்று ஒருவர் கூறுவாராயின், நாம் நகைப்போம் அன்றோ? துணியில் நாம் எளிதில் உணரும் இவ்வுண்மையைக் கல்வியிலும் உணர்தல் வேண்டும்.

மாணவர்களே! பன்னிரண்டாம் வகுப்பில் ஒன்றாகத் தேறிய இரு மாணவியரை எண்ணிப் பாருங்கள். ஒருத்தியின் பெற்றோர் பட்டதாரிகள். எப்பாடத்தைத் தேர்ந்தெடுப்பது, எங்ஙனம் விண்ணப்பிப்பது என்பனவற்றை அவள் வீட்டிலேயே அறிந்துகொள்கிறாள். மற்றொருத்தியின் தாய் பனியன் கம்பெனியில் தைப்பவர். தந்தை சாயப்பட்டறையில் உழைப்பவர். அவள் கல்லூரிக்குச் சென்றால், அவள் ஈட்டக்கூடிய வாரக் கூலியை அவ்வீடு இழக்கும். கல்லூரியின் வாயில் இருவர்க்கும் திறந்தே இருக்கிறது. ஆயினும் அவ்வாயிலுக்குச் செல்லும் வழி இருவர்க்கும் ஒன்றன்று.

மூன்றாண்டுகள் நூற்பாலையில் உழைத்தால் திருமணத்திற்கு ஒரு தொகை கிடைக்கும் என்று இளம்பெண்களை அழைத்த ‘சுமங்கலித் திட்டம்’ இவ்வட்டாரத்தில் பரவியிருந்தது. பட்டப்படிப்பிற்கு உரிய அதே மூன்றாண்டுகளைப் பெண்கள் பலர் நூற்புக் கதிர்களின் நடுவே கழித்தனர். அறிவுக் குறைவு அதற்குக் காரணம் அன்று, வறுமையே காரணம்.

இத்தகைய ஏற்றத்தாழ்வைக் களைய நம் நாடு நெடுங்காலமாக முயன்று வருகின்றது. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பகிர்ந்தளித்த சென்னை மாநில அரசின் ஆணை, 1951இல் உச்ச நீதிமன்றத்தில் செல்லாதாயிற்று. அவ்வாண்டிலேயே அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பெற்று, சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியோர்க்குத் தனி ஏற்பாடு செய்ய வழி பிறந்தது. திருப்பூரில் 1966இல் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும், 1971இல் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரியும் தோன்றின. 2020இல் மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்க்கு ஒதுக்கப்பட்டன. அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்வி கற்கும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. இவை இரக்கத்தால் இட்ட பிச்சை அல்ல. அளவறிந்து அளித்த நீதியாகும்.

எனினும், இடம் அளிப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. ஆங்கிலப் பாடம் கேட்டுத் திகைப்பவனை எள்ளாதிருத்தலும், பிழைப்பிற்காக வடமாநிலங்களிலிருந்து வந்தோரின் மக்களை அயலார் எனக் கருதாதிருத்தலும் உடன்பயில்வோர் கடமையாம். பின்னலாடையில் ஒரு கண்ணி நழுவினும் துணி பிரியத் தொடங்கும். சமுதாயமும் அத்தகையதே. ஒருவரையும் நழுவவிடாது காத்தலே உயர்கல்விக்கு உயர்வு தருவதாகும்.